மேகம் மறைத்த வெள்ளி

நுகேகொடை

அன்பான மருமகளுக்கு,

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்பு வரை நடந்துபோய், பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பியதாக எழுதியிருந்தாய். வழியில் வான் பழுதாகி, போய்ச் சேரப் பத்து மணி கடந்துவிட்டதாம். காசு சேர்த்து ஆசையோடு போன பயணம். இனி எங்கேயும் போகமாட்டேன் என்று கடிதத்தை முடித்திருக்கிறாய். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நான் கேட்கமாட்டேன் பிள்ளை. கிட்டப் போய்ப் பார்க்காமல் திரும்புவது வலிக்கத்தான் செய்யும்.

கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். சூரியனின் முகத்தில் வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போவதைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். எட்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை நடக்கும்; பிறகு நூறு வருடத்துக்கு மேல் நடக்காது. அதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். இந்தியக் கரையை நெருங்கிய பிறகுதான், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6ஆம் திகதி வானம் தெளிவாக இருந்தது, அவரோ நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் நேரத்தையும் இடத்தையும் எப்படித் துல்லியமாகக் குறிப்பது? கண்ணால் பார்த்ததோடு சரி.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்தது 1769இல் என்பதால் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மடகஸ்கார் கரையை வரைபடமாக்கினார், மணிலாவுக்குப் போனார், 1768இல் புதுச்சேரி வந்து இடிந்த கோட்டைக்குள் ஓர் அவதான நிலையம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் திரண்டது. வெள்ளி கடந்து முடியும்வரை அது விலகவேயில்லை. முடிந்து கொஞ்ச நேரத்தில் வெயில் எறித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. இரண்டு கிழமைக்கு அவரால் பேனை பிடிக்க முடியவில்லை. 1771இல் நாடு திரும்பினால், அவர் செத்துவிட்டதாக நினைத்து வாரிசுகள் சொத்தைப் பிரிக்க நிற்கிறார்கள்.

பலரும் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, அவரைப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில் அவர் தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். பேனை, தாள் எதுவும் இல்லாமல், சோழிகளை அடுக்கி நகர்த்தி அவர்கள் அவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுவதைப் பார்த்து வியந்தார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீளத்தில் அந்தத் தமிழ்க் கணக்கு 41 விநாடி மட்டுமே பிசகியது. ஐரோப்பாவில் பெரிதாக மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. இதையெல்லாம் அவர் 1779இலும் 1781இலும் இரண்டு பாகங்களாக அச்சிட்டார். நம் பஞ்சாங்கக்காரரின் கணக்கை ஐரோப்பிய அறிஞர்கள் ஆராயத் தொடங்கியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளி மேகத்துக்குள் போனதால் இதில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

பொறுமை என்றால் எனக்கு அவர் நினைவுதான் வரும். வானம் வெளிக்குமா என்று தெரியாமலே எட்டு வருடத்தையும் வேலையால் நிரப்பியவர். அதனால் நீயும் இப்போதைக்கு எந்த முடிவும் எடுக்காதே. கவலையாக இருந்தால் இருக்கட்டும், இரண்டு கிழமை போகட்டும்.

வெள்ளி இனிச் சூரியனைக் கடப்பது 2117இல். நீயும் நானும் பார்க்க வழியில்லை. உலக முடிவு அங்கேயேதான் இருக்கும். தை, மாசியில் மழை குறைவு. முதல் நாளே பட்டிப்பொலையிலோ ஒகியாவிலோ தங்கி, வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். காலை ஒன்பது தாண்டினால் மூட்டம் ஏறிவிடும். அதற்கிடையில் ஒரு வேலை: புல்வெளியில் மரைக்கூட்டம் நின்றது என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டாயே, அதை எனக்கு விரிவாக எழுது. எத்தனை நின்றன, உங்களைக் கண்டு விலகினவா, அந்த மூட்டத்துக்குள் எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தன?

அன்புடன்,
மாமா