கசிவு எங்கே?

லங்காவி, போர்ட்டிக்சன் போன்ற கடற்கரைகளில் அலைகளைக் கிழித்துக்கொண்டு விரையும் சிறிய நீர் ஊர்திகளைக் கண்டிருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் அமர்ந்து ஓட்டும் இவ்வூர்தியை மக்கள் ஜெட் ஸ்கி என்று அழைக்கின்றனர். இதன் அடியில் உள்ள திறப்பு நீரை உள்ளிழுக்கிறது. பின்புறக் குழாய் அந்நீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்த விசையே ஊர்தியை முன்னோக்கித் தள்ளுகிறது.

ஜெட் ஸ்கியின் அடிப்பாகம் உள்ளீடற்றது. அதனுள் காற்று நிறைந்திருப்பதால்தான் கனமான இயந்திரத்தையும் பயணிகளையும் சுமந்துகொண்டு அது மிதக்கிறது. அவ்விடத்தில் நீர் புகுந்தால் என்ன ஆகும்? நீர்மட்டத்திற்கு 20 சென்டிமீட்டர் கீழே, 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 80 லிட்டர் நீர் அதன் வழியாக உள்ளே புகக்கூடும். இது ஒரு பெரியவரின் எடைக்கு ஈடான சுமை. அச்சுமை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஊர்தி சாயும் பக்கமெல்லாம் நீரும் ஓடுவதால் ஊர்தி தடுமாறும். நீர் இயந்திரத்தினுள் சென்றால் இயந்திரம் நின்றுவிடும். கரையிலிருந்து வெகுதொலைவில் இவ்வாறு நேர்ந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

காரணத்தைக் கண்டறிதல்

உள்ளே நீர் தேங்கியிருப்பதைக் கண்டதும், அடிப்பாகத்தில் விரிசல் விழுந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நீர் புகுவதற்குப் பல வழிகள் உள்ளன. பின்புறத்தில் உள்ள வடிகால் அடைப்பான் சரியாக இறுக்கப்படாமல் இருக்கலாம். அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். இயந்திரத்தையும் நீர் உந்தியையும் இணைக்கும் சுழல்தண்டு அடிப்பாகத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் உள்ள காப்பு பழுதடைந்திருக்கலாம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்குழாயின் பிடிவளையம் தளர்ந்திருக்கலாம்.

நீர் தேங்கும் இடமும் நீர் புகும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முன்புறத்தில் புகுந்த நீரும் தாழ்வான பின்புறத்திற்கே ஓடிச் சேரும். ஆகவே, அனுபவமுள்ள பழுதுபார்ப்பாளர் முதலில் சில வினாக்களை எழுப்புகிறார். இயந்திரம் அணைந்து, ஊர்தி வெறுமனே மிதக்கும்போதும் நீர் சேர்கிறதா? அப்படியானால் அடைப்பான், சுழல்தண்டுக் காப்பு, விரிசல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது மட்டும் நீர் சேர்கிறதா? அப்படியானால் குளிர்விக்கும் குழாய்களின் மீது ஐயம் திரும்பும்.

அதன்பின், ஊர்தியைக் கரையேற்றி உட்புறத்தை நன்கு உலர்த்துவர். இணைப்புகளைச் சுற்றி முகமாவைத் தூவிவிட்டு மீண்டும் நீரில் மிதக்கவிட்டால், நீர் ஓடிய தடம் மாவில் கோடாகத் தெரியும். மற்றொரு முறையும் உண்டு. ஊர்தியை இழுவண்டியில் நிறுத்தி, இயந்திரமும் மின்கம்பிகளும் நனையாத அளவுக்கு உள்ளே சிறிது நீர் ஊற்றுவர். வெளிப்புறத்தில் எங்கே துளி அரும்புகிறதோ அங்கேதான் கசிவு இருக்கிறது.

விரிசலைச் சரிசெய்தல்

விரிசலே காரணம் என்று உறுதியானால், அடிப்பாகம் எந்தப் பொருளால் ஆனது என்பதை அறிய வேண்டும். பெரும்பாலான ஊர்திகளில் அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலவையால் ஆனது. சில புதிய ஊர்திகளில் அது பாலிப்புரோப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனது. இந்நெகிழியில் பிசின் சரியாக ஒட்டாது. அதனை வெப்பத்தால் உருக்கி இணைக்கலாம்.

கண்ணாடி இழையாலான அடிப்பாகத்தைப் பின்வரும் முறையில் சரிசெய்வர்:

1. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, இருக்கையைத் திறந்து வைத்துப் பெட்ரோல் ஆவியை வெளியேற்றுவர்.
2. உப்பு நீங்க நன்னீரால் கழுவி, முழுமையாக உலர்த்துவர். ஈரம் எஞ்சியிருந்தால் பிசின் பிடிக்காது.
3. விரிசலைச் சுற்றியுள்ள பகுதியைச் சரிவாகத் தேய்ப்பர். சரிவின் அகலம் தடிமனைப்போல் 12 மடங்கு இருப்பது நல்லது. தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர் சரிவு தேவை.
4. பிசினையும் கெட்டிப்படுத்தியையும் குறிப்பிட்ட அளவில் கலப்பர். இபோக்சி பிசினில் கெட்டிப்படுத்தியைக் கூடுதலாக ஊற்றினால் அது விரைவில் இறுகாது. மாறாக, வலிமை குன்றும்.
5. கண்ணாடி இழைத் துணியைப் பல அடுக்குகளாகப் பிசினில் தோய்த்து ஒட்டுவர். காற்றுக் குமிழ்கள் தங்காதபடி உருளையால் அழுத்துவர்.
6. நன்கு இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து, மேற்பூச்சு பூசுவர்.

இவ்வேலையின்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவற்றைக் கட்டாயம் அணிய வேண்டும். கண்ணாடி இழைத் தூசு தோலையும் நுரையீரலையும் உறுத்தும். பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படும் என்பதால், ஒரே குவளையில் அதிக அளவு கலப்பதும் ஆபத்தானது.

மேற்பூச்சு போதுமா?

இத்தனை படிகளையும் செய்து முடிக்கச் சில நாள்கள் பிடிக்கும். விடுமுறைக் காலத்தில் ஊர்தியை வாடகைக்கு விடுபவருக்கு அந்நாள்கள் வருமான இழப்புதான். விரிசலின்மேல் பசையைத் தடவி, வண்ணம் பூசிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பார்ப்பதற்கும் புதிதுபோல் இருக்கும். ஆனால், ஒவ்வோர் அலையும் அடிப்பாகத்தின்மீது மோதும்போது உள்ளே இருக்கும் விரிசல் மேலும் நீளும். அந்த ஊர்தியில் ஏறும் பயணிக்கு இது தெரிய வழியில்லை. அவர் பழுதுபார்த்தவரின் நேர்மையை நம்பியே கடலுக்குள் செல்கிறார்.

அதனால்தான் நல்ல பழுதுபார்ப்பாளர், வேலை முடிந்ததும் ஊர்தியை உடனே ஒப்படைப்பதில்லை. ஆழமற்ற நீரில் கட்டி மிதக்கவிட்டு, உட்புறம் உலர்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்படைக்கிறார்.

சொற்பொருள்

உள்ளீடற்றது – உள்ளே வெற்றிடம் உடையது
வடிகால் அடைப்பான் – தேங்கிய நீரை வெளியேற்றும் துளையை மூடும் பொருள்
கெட்டிப்படுத்தி – பிசினை இறுகச் செய்யும் திரவம்
குன்றும் – குறையும்

சிந்தித்து விடை எழுதுக

1. நீர் தேங்கும் இடத்தை மட்டும் பார்த்துக் கசிவைக் கண்டறிய முடியாதது ஏன்?
2. அடிப்பாகத்தின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு சரிவு தேவை?
3. பழுதுபார்ப்பவரின் நேர்மையைப் பயணி நம்புவதாகக் கட்டுரை கூறுகிறது. இவ்வாறு நாம் பிறரின் நேர்மையை நம்பியிருக்கும் வேறு இரண்டு சூழல்களை விளக்குக.