பேஸ் கித்தாரை 'வா' என்று பேசவைக்கும் வடிகட்டி

பக்கத்து வீட்டில் யாரோ சத்தமாகப் பாட்டுப் போடுகிறார்கள். கதவு, சன்னல் எல்லாம் மூடியிருக்கின்றன. உங்கள் அறைக்கு வந்து சேர்வது என்ன? பாடகரின் சொற்கள் புரிவதில்லை. 'தும், தும்' என்ற தாழ்ந்த ஒலி மட்டும் கேட்கிறது. கோப்பிக் கடையில் துணி வடிகட்டி தூளை நிறுத்திக்கொண்டு கோப்பியை மட்டும் கீழே விடுவதுபோல, சுவர் உயர்ந்த அதிர்வெண்களை நிறுத்திக்கொண்டு தாழ்ந்தவற்றை விடுகிறது. அதாவது, சுவர் ஓர் ஒலி வடிகட்டி.

பேஸ் கித்தார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாக இருக்கும் சிறு பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் 'ஃபில்டர் பெடல்' என்பது இதே வேலையை மின்சாரத்தால் செய்கிறது. இதை ஆசையாக வாங்கும் இளைஞர்கள் பலருக்கு ஒரு குறை உண்டு: "ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவோடு வாசித்தால் பேஸ் காணாமல் போய்விடுகிறது!" இந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு பெடல் வாங்கத் தேவையில்லை. இடைநிலைப்பள்ளி இயற்பியல் போதும்.

ஒரு கம்பி, பல அதிர்வெண்கள்

நான்கு கம்பி பேஸ் கித்தாரின் திறந்த கம்பிகள் ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. இவை அடிப்படை அதிர்வெண்கள். ஆனால் கம்பி ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 55 ஹெர்ட்ஸ் கம்பியைத் தட்டினால் 110, 165, 220, 275 என அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். ஒரே சுரத்தை வயலினிலும் புல்லாங்குழலிலும் வாசித்தால் வேறுபாடு தெரிவதற்கு, இந்த மேற்சுரங்களின் அளவு வேறுபடுவது ஒரு முக்கியக் காரணம்.

வடிகட்டி புதிதாக எந்த ஒலியையும் உண்டாக்குவதில்லை. உள்ளே வரும் மேற்சுரங்களில் சிலவற்றைக் குறைக்கிறது, சிலவற்றைத் தூக்கிக் காட்டுகிறது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

வெட்டும் எல்லை எங்கே?

ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் எளிய வடிகட்டி தயார். மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்களுக்கு எளிதில் வழிவிடும். ஆகவே அதன் ஒரு முனையைத் தரையோடு இணைத்தால், உயர்ந்த அதிர்வெண்கள் அந்த வழியே ஒழுகிப்போகும். தாழ்ந்தவை முன்னே செல்லும். இதுதான் லோ பாஸ் வடிகட்டி. வெளிவரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 70 விழுக்காடாகக் குறையும் இடத்தை வெட்டு அதிர்வெண் என்பார்கள். அதைக் கணக்கிட, 1-ஐ 2π × மின்தடை × மின்தேக்கு திறன் என்பதால் வகுக்க வேண்டும்.

மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட், மின்தடை 1,00,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு அதிர்வெண் சுமார் 160 ஹெர்ட்ஸ். மின்தடையை 10,000 ஓமாகக் குறைத்தால் அது சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மின்தடையை மாற்றினால் எல்லை நகர்கிறது. எல்லை நகர்ந்தால் ஒலியின் நிறம் மாறுகிறது.

உங்கள் வாயே ஒரு வடிகட்டி

இப்போது ஒரு சிறு சோதனை. ஒரே சுருதியில் 'ஊ' என்று இழுத்து, சுருதியை மாற்றாமல் மெல்ல 'ஆ' என்று வாயைத் திறங்கள். என்ன கேட்டது? 'வா!' குரல்வளையின் அதிர்வு மாறவில்லை. வாயின் வடிவம் மாறியதால் எந்த மேற்சுரங்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்பது மட்டும் மாறியது. காலால் மிதிக்கும் 'வா வா' பெடல் பெயர் பெற்றது இதனால்தான்.

பெடலில் 'ரெசனன்ஸ்' அல்லது 'கியூ' என்று ஒரு குமிழ் இருக்கும். இது வெட்டு எல்லையை ஒட்டிய அதிர்வெண்களை மட்டும் தூக்கிவிடும். அதைக் கூட்டக் கூட்ட, ஒலி உயிரெழுத்தைப் போல் பேசத் தொடங்கும்.

விரலின் வேகத்தை அறியும் சுற்று

வா வா பெடலில் எல்லையைக் காலால் நகர்த்துகிறோம். 'என்வலப் ஃபில்டர்' என்ற வகையில் அதை விரல் நகர்த்துகிறது. மைக் பைகல் வடிவமைத்து, 1972-இல் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட மியூட்ரான் III இவ்வகையில் புகழ்பெற்றது. ஸ்டீவி வொண்டர் 1973-இல் வெளியிட்ட 'ஹையர் கிரவுண்ட்' பாடலில் கிளாவினெட் வாத்தியத்தை இதன் வழியே வாசித்தார். பேஸ் கலைஞர் பூட்சி காலின்ஸின் அடையாள ஒலியும் இதுவே.

உள்ளே நடப்பது இதுதான். கித்தாரிலிருந்து வரும் மின்குறி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி வடிகட்டிக்குப் போகிறது. மறு பகுதியை டையோடு ஒருதிசையாக்க, ஒரு மின்தேக்கி அதைச் சீராக்குகிறது. கிடைக்கும் மின்னழுத்தம், நீங்கள் கம்பியை எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்பதைக் காட்டும். மியூட்ரான் போன்ற பெடல்களில் இந்த மின்னழுத்தம் ஒரு சிறு விளக்கை எரிக்கிறது. ஒளி பட்டதும், எதிரில் உள்ள ஒளியுணர் மின்தடையின் மதிப்பு குறைகிறது. மின்தடை குறைந்தால் வெட்டு அதிர்வெண் ஏறும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? பலமாகத் தட்டினால் 'வா' என்று வாய் திறக்கும். ஒலி அடங்க அடங்க வாய் மூடிக்கொள்ளும்.

பேஸ் எங்கே போனது?

பல பெடல்களில் 'பேண்ட் பாஸ்' என்ற நிலையும் உண்டு. இது நடுவிலுள்ள ஒரு பட்டையை மட்டும் விட்டு, மேலும் கீழும் குறைத்துவிடும். பட்டையின் நடு 800 ஹெர்ட்ஸில் இருந்தால், 41 ஹெர்ட்ஸ் அடிப்படை அதிர்வெண் பெருமளவு மறைந்துபோகும். வியப்பு என்னவென்றால், தனியாக வாசிக்கும்போது இது எளிதில் தெரியாது. மிஞ்சிய மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு நமது மூளை சுருதியை ஊகித்துக்கொள்கிறது. டிரம்மும் கீபோர்டும் சேர்ந்ததும்தான் பாட்டின் அடித்தளம் இல்லாதது வெளிச்சமாகும்.

தீர்வு எளிது. முதலில் லோ பாஸ் நிலைக்கு மாற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால், 'பிளெண்ட்' குமிழ் இருக்கும் பெடலில் வடிகட்டாத ஒலியைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

பெடல்களின் வரிசை

கம்ப்ரெசர் என்ற பெடல் மென்மையான ஒலிக்கும் பலமான ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும். என்வலப் ஃபில்டருக்கு உணவே அந்த வேறுபாடுதான். ஆகவே ஃபில்டர் முன்னால், கம்ப்ரெசர் பின்னால் என்பது நல்ல தொடக்கம்.

ஃபஸ் பெடல் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஃபஸ் மேற்சுரங்களைப் பெருக்கும். எனவே அதை முன்னால் வைத்தால் வடிகட்டிக்கு வெட்ட நிறையக் கிடைக்கும். ஆனால் அதுவும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கும் என்பதால் வடிகட்டியின் வாய் திறந்தபடியே நிற்கலாம். இரண்டு வரிசையிலும் வாசித்துப் பார்த்து முடிவெடுங்கள். கித்தாரை மாற்றினால் 'சென்சிடிவிட்டி' குமிழையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். மின்கலம் உள்ள கித்தார் பொதுவாக வலிமையான மின்குறியைத் தரும்.

காதைக் காப்பாற்றுங்கள்

தாழ்ந்த ஒலி குறைந்துவிட்டது என்று பலர் ஒலிபெருக்கியின் குமிழைக் கூட்டிவிடுகிறார்கள். பாட்டின் நடுவில் பெடலை நிறுத்தியதும், மறைந்திருந்த பேஸ் முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வரும். சிறிய பயிற்சி அறையில் இது ஆபத்து. ரெசனன்ஸும் அப்படித்தான்: கியூ 5 என்றால், வெட்டு எல்லையில் விழும் ஒரு சுரத்தின் வீச்சு 5 மடங்காகும், அதாவது சுமார் 14 டெசிபல் கூடும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம்தான். பெடல் இயங்கும்போதும் நிறுத்தியபோதும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி முதலில் அமைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். உட்செவியில் அழிந்த உணர்மயிர்ச் செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

சிந்தித்துப் பாருங்கள்

1. மின்தடை 20,000 ஓம், மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு அதிர்வெண் எவ்வளவு?

2. லோ பாஸ் எல்லை 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 55 ஹெர்ட்ஸ் கம்பியின் அதிர்வெண்களில் எவை அந்த எல்லைக்குள் அடங்கும்?

3. மிக மென்மையாக வாசித்தால் என்வலப் ஃபில்டர் ஏன் 'ஊ' என்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது?

விடைகள்: (1) சுமார் 800 ஹெர்ட்ஸ். (2) 55, 110, 165. (3) மின்குறி வலுவற்றதால் விளக்கு மங்கலாகவே எரியும், மின்தடை குறையாது, எல்லையும் ஏறாது.