கரும்பூஞ்சையா, ஈரச் சுவரா?

ஹோஸ்டலிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீங்க: அலமாரிக்குப் பின்னால், சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். உடனே ஒருத்தர், "டேய், அது விஷப் பூஞ்சைடா, மூளையே போயிடும்" என்பார். இன்னொருத்தர், "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்பார். இரண்டுமே சரியில்லை.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். 1993, 1994-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. 'ஸ்டாக்கிபோட்ரிஸ்' என்ற கரும்பூஞ்சை மேல் பழி விழுந்தது. ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வை மறுபடி அலசி, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-இல் அறிவித்தது. பயம் பரவிய அளவுக்குத் திருத்தம் பரவலை! நிறத்தை மட்டும் வைத்து எந்தப் பூஞ்சை என்றும் சொல்ல முடியாது. கறுப்பாக வளரும் வகைகள் பல.

அப்படின்னா ஆபத்தே இல்லையா? இருக்கு. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு 'ஆஸ்பர்ஜில்லஸ்' வகை நுரையீரலுக்குள்ளேயே வளரக்கூடும். இங்கிலாந்தின் ரோச்டேலில் 2020-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. தந்தை 2017-லேயே புகார் செய்திருந்தார். அவருக்குக் கிடைத்த பதில்: மேலே பெயிண்ட் அடியுங்கள்.

பெயிண்ட் ஏன் தீர்வாகாது? சுவரில் ஈரம் அப்படியே இருக்கு, அதனால்தான். நம்ம ஊர்க் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளி கட்டும். பக்கத்து அறைக்காரர் ஏர்கோனை 18-இல் வைத்து இரவெல்லாம் ஓட்டினால் நடுச்சுவர் உங்கள் பக்கமும் குளிரும். தே ஐஸ் கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான். துளி கட்டணும்னுகூட இல்லை; சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும்.

ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு தேடுங்க: கூரை, குழாய், ஏர்கோன் வடிகுழாய், குளிர்ந்த சுவர். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வையுங்கள். ஏர்கோனை 24, 25-இல் வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருக்கும் பூஞ்சையை முகக்கவசம், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். உலர்ந்த பிரஷ் வேண்டாம், வித்துகள் பறக்கும். பிளீச்சோடு கழிவறை அமிலத்தைக் கலக்கவே கூடாது; குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சை ஊறிய மெத்தையைத் தூக்கிப் போடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

வீட்டுக்காரரிடம் வாயால் மட்டும் சொல்லாமல், தேதியோடு படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். இருமல் அறையில் கூடி, ஊருக்குப் போனால் குறையுதா? டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்க.