போர்லிக் குருமனை

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சார்ந்த சிற்றூர் போர்லி. அவ்வூர்த் திருச்சபைக் குருவாகிய ஹென்றி புல் என்பார் 1863-ஆம் ஆண்டளவில் தம் பெருங்குடும்பத்துக்கென அமைத்த செங்கல் மனையே, பின்னர்ப் பேய்மனை என இழிபுகழ் எய்தியது.

முற்காலத்தே அங்கு மடமொன்று இருந்ததென்றும், அதன் துறவி ஒருவரோடு ஓட முயன்று கொலையுண்ட கன்னிகாஸ்திரீ உலாவுகின்றாள் என்றும் கதை வழங்கிற்று. 1900-இல் குருவின் புதல்வியர் அவளைத் தோட்டத்திற் கண்டதாகக் கூறினர். 1929-இல் லண்டன் பத்திரிகையொன்று இச்செய்தியைப் பரப்பவே, ஆவியாராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் ஆண்டு வந்தார். 1937-இல் அவர் அம்மனையை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, விளம்பரத்தின் வாயிலாகக் காவலிருப்போரைச் சேர்த்தார். 1939 பிப்ரவரியில் மனை தீக்கிரையாயிற்று. 1944-இல் எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன.

உண்மை யாது? மடம் இருந்தமைக்குச் சான்று கிடைத்திலது. 1948-இல் பிரைஸ் இறந்தார். 1956-இல் ஆவியாராய்ச்சிக் கழகத்தார் மூவர் அறிக்கை வெளியிட்டு, எலிகளும், மனையின் அமைப்பால் எழும் ஒலிகளும், மனிதர் செயலுமே பலவற்றுக்குக் காரணமாதல் கூடும் என்றனர். பிரைஸின் நேர்மையையும் ஐயுற்றனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அம்மனையில் முன்னர் நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்டவற்றைக் குறித்த அச்சுநூல் காவலிருந்தோர் கையிற் கொடுக்கப்பட்டிருந்தது. எதிர்நோக்கி இருப்பானுக்கு எலியின் ஓசையும் அடியோசையாகும் அன்றோ?

மறுமையை நம்பும் நமக்கு இத்தகைய ஆராய்ச்சி பகையன்று. பொய்ச்சான்றின்மேல் நிறுவிய நம்பிக்கை, அச்சான்று வீழும் அன்றே தானும் வீழும். ஆதலின் கேட்டதைப் பரப்புமுன், கண்டவர் யார், எந்நிலையிற் கண்டார் என வினவுதல் நம் கடனாம்.