மீன் தொட்டிக்கு உங்கள் ஃபில்டர் போதுமா?

1. முதலில் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பாருங்கள். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் அளந்து, மூன்றையும் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 24x12x12 அளவுள்ள இரண்டடித் தொட்டிக்கு ஏறக்குறைய 57 லிட்டர். கல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் 50-க்குள்தான் நிற்கும்.

2. அத்தனை தண்ணீரும் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 50 லிட்டருக்கு 200 முதல் 300 லிட்டர். கப்பி, மோலி, டெட்ராவுக்கு இது தாராளம். கோல்ட் ஃபிஷ் அப்படியில்லை. தின்பதும் கழிப்பதுமாகவே இருக்கும். அதற்கு எட்டு, பத்து மடங்கு வேண்டும். (இரண்டடித் தொட்டியில் ஆறு கோல்ட் ஃபிஷ் விடலாம் என்று கடைக்காரர் சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.)

3. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பஞ்சு இல்லாமல் வெறும் மோட்டார் தள்ளும் அளவு. பஞ்சு போட்டு, அதில் அழுக்கும் சேர்ந்தால் வேகம் நன்றாகவே குறையும்.

4. நீங்களே அளந்துவிடலாம். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, பஞ்சோடு ஃபில்டரை முழுக்க மூழ்க வையுங்கள். தண்ணீர் வெளிவரும் வாயில் சின்ன டியூப் மாட்டி, மறுமுனையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு லிட்டர் பாட்டிலில் விடுங்கள். பாட்டில் நிறைய எத்தனை நொடி ஆகிறதோ, அதனால் 3600-ஐ வகுக்க வேண்டும். 12 நொடி என்றால் மணிக்கு 300 லிட்டர். 24 நொடி ஆனால் 150தான். இரண்டடித் தொட்டிக்குப் பற்றாது. வாளிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

5. ஃபைட்டர் மீனுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நீண்ட துடுப்புகளோடு நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே அதற்கு நல்லது.

6. ஓடும் தொட்டியையும் கவனியுங்கள். மூலையில் கழிவு குவிந்து, மேற்பரப்பில் எண்ணெய் போல் ஏடு படிந்தால் வேகம் போதவில்லை. மீன்களெல்லாம் செடிக்குப் பின்னால் ஒண்டி நின்றால் வேகம் அதிகம்.

7. வேகம் குறைந்ததும் புது ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள், பஞ்சு அடைத்திருக்கலாம். அதைக் குழாயடியில் அலசக் கூடாது. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் மொண்டு, அதில் பஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும்.