ஆம்னியின் அடித்தகட்டைப் பார்த்து எழுது

தம்பிக்கு,

பழைய ஆம்னி வேன் எஃப்.சி. சோதனையில் எங்கெங்கே மாட்டும் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். மூங்கில்துறைப்பட்டில் ஷெட் போட்டிருக்கும் பையன், ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம். மூன்று சிலிண்டர், 796 சிசி, சீட்டுக்கு அடியில் என்ஜின் என்பதெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டிய இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

என்ஜினுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பிளாட்பாரத்துக்கு, அதாவது அடித்தகட்டுக்கு, மூன்றே வரி கொடுத்திருக்கிறாய். அதையும் "துரு இருந்தால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்துவிட்டாய். எப்படியப்பா மனசு வந்தது? என்ஜின் போய் ஓரங்கட்டிய ஆம்னியை நான் பார்த்தது குறைவு. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் இன்றைக்கும் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கின்றன. இரும்புக் கடைக்குப் போன ஆம்னிகள் அடித்தகட்டைத் துரு தின்றதால் போனவை. லாரி மாதிரி அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுதான் அதற்கு எலும்பு. முன் சக்கரத்துக்குப் பின்னால் கால் வைக்கும் இடம், ஸ்லைடிங் டோர் ஓடும் கீழ் ரெயில், பின்னால் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடம், இந்த மூன்றிலும் மண் போய் அடையும். மண் ஈரத்தை விடாது. நம் ஊரில் சர்க்கரை ஆலை அரவை தொடங்கிவிட்டால் கரும்பு டிராக்டர்கள் ரோடு முழுக்க வயல் சேற்றை இறைத்துவிட்டுப் போகின்றன. அந்தச் சேற்றில் ஓடின வண்டிதான் உன் ஷெட்டுக்கு வருகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விற்கிறவன் என்ன செய்கிறான் என்பதும் உனக்குத் தெரியும். ஓட்டை மேல் பட்டி வைத்து, மேலே கறுப்பாக அண்டர்கோட்டிங் அடித்துவிடுகிறான். புது அண்டர்கோட்டிங் அடித்த பழைய ஆம்னியைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்கும், பட்டி மந்தமாகச் சத்தம் போடும். பட்டி கனத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். வண்டிக்கு அடியில் படுக்க மனசு இருந்தால் போதும். திருவண்ணாமலையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எந்த வண்டி வந்தாலும் சாவியைக் கையில் வாங்கமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்விடுவார். வெளியே வந்த பிறகுதான் "இப்ப ஸ்டார்ட் பண்ணு" என்பார். சில வண்டிகளுக்கு அந்தச் சொல் வரவே வராது. வாங்க வந்தவரைத் தனியே அழைத்துப்போய் ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

அடுத்தது இன்னும் மோசம். "எஃப்.சி. ஆன வண்டி என்றால் தைரியமாக வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியை அடித்துவிடு. வெள்ளை போர்டு ஆம்னிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷத்துக்கு ஆர்.சி. செல்லும். 2012-இல் எடுத்த வண்டியை 2027 வரை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்க்காமலே போகலாம். மஞ்சள் போர்டு என்றால் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். 15 வயதான காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதனால் 14 வயதில் ஒரு ஆம்னி பளபளவென்று விலைக்கு வந்தால், அந்தச் செலவை வாங்குகிறவன் தலையில் தள்ளப் பார்க்கிறார்களா என்று கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை.

எஃப்.சி.யில் எதைப் பார்க்கிறார்கள் என்று மத்திய மோட்டார் வாகன விதி 62-இன் பட்டியலை எடுத்துப் பார். ஹெட்லைட், ரிஃப்ளெக்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, சைலன்சர், புகை, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வரிசையாக இருக்கும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தச் சோதனை அன்றைய தேதிக்கு மட்டும். இரவல் டயர் மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே கழற்றிக் கொடுத்த வண்டிகள் நம் பக்கத்தில் இல்லையா? பிரிட்டனில் 1960-இல் பத்து வயதான கார்களுக்கு இப்படிச் சோதனை தொடங்கினார்கள். வந்த வண்டிகளின் லட்சணத்தைப் பார்த்து அடுத்த வருஷமே ஏழு வயதாக்கி, 1967-இல் மூன்று வயதுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே நம்பர் பிளேட்டைத் தட்டினால், அந்தக் கார் எந்த வருஷம் எதில் தவறியது என்பதை யாரும் பார்க்கலாம். நம் ஆளுக்கு எம்பரிவாகன் ஆப்பில் செல்லுபடி தேதி தெரியும். பின் சக்கரத்து வீல் சிலிண்டர் ஒழுகிப் போன வருஷம் திரும்பி வந்த வண்டியா என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் நீ எழுத வேண்டும்.

வீல் சிலிண்டர் என்றதும் சொல்கிறேன், பின் டிரம்மைக் கழற்றாமல் ஆம்னியின் பிரேக்கைப் பற்றி எழுதாதே. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப்போய்த் திரும்பும் வண்டி இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே வருகிறது. எட்டு சீட்டில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். லைனிங் கண்ணாடியாகிவிடும், ஆயில் கசிந்தால் ஷூ நனைந்துவிடும், ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். சமதளத்தில் நான்கு அடி ஓட்டிப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

இவ்வளவு திட்டிவிட்டேன். இப்போது கேள். ஸ்லைடிங் டோரைப் பற்றி நீ எழுதிய பத்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கதவு கடைசி ஒரு சாணில் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது என்றால், ரோலரை மாற்றுவதற்கு முன் பில்லர் இடைவெளியை மேலும் கீழும் அளந்து பார் என்று எழுதியிருக்கிறாயே, அபாரம். ரோலர் தேய்ந்ததா, பாடியே தொய்ந்ததா என்பதைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று அர்த்தம். உன் வயதில் எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு மூன்று வரி எழுதினாய் என்பதுதான் என் கோபம்.

துருவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! காயவைத்து, சீட் கவர் மாற்றி, அவற்றையும் விற்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். கதவுக்குள் வண்டல் இருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வர இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதாவது, இப்போதுதான் வரத் தொடங்கும்.

உன் அடுத்த கட்டுரை அதைப் பற்றி இருக்கட்டும். கடன் வாங்கி ஆம்னி எடுக்கிற குடும்பத்துக்கு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அது கையில் கிடைக்க வேண்டும். சீக்கிரம் எழுது.