வாவிக்கரை வளவிற் சிறுகாய்த் தக்காளிச் செய்கை

மட்டக்களப்பு வாவியை அடுத்த தன்னாமுனை போன்ற ஊர்களில் வீட்டுத்தோட்டத்திலே தக்காளி நட்டவர் பலர், இரண்டொருமுறை முயன்றபின் அதனைக் கைவிட்டுவிடுவதுண்டு. நாற்று மாரி மழையில் அழுகிவிடும்; தப்பியது காய்க்குமுன் வாடிவிடும்; வாடாதது சித்திரை வெயிலிற் பூவை உதிர்க்கும். குற்றம் பெரும்பாலும் விதையினதன்று. காலம், மண், நீர் ஆகிய மூன்றில் ஒன்று பிழைத்தமையே காரணமாகும்.

செரித் தக்காளி எனப்படும் சிறுகாய்த் தக்காளி நெல்லிக்காயளவிற் கொத்தாகக் காய்ப்பது. தென்னமெரிக்காவில் வளரும் காட்டுத் தக்காளிக்கு இது பெருங்காய் இனங்களிலும் நெருங்கிய உறவுடையது. ஆதலின் வெப்பத்தையும் உவரையும் ஓரளவு கூடுதலாகப் பொறுக்கும். காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும் குறைபாடும் இதில் அரிது. முதன்முறை தக்காளி செய்வோர் இதிலிருந்து தொடங்குதல் நன்று.

காலம்: இரவு வெப்பம் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்கு மேற்படின் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து காய் பிடிப்பது குறையும். ஆகவே வெயில் முற்றுமுன் செடி பூக்குமாறு கணக்கிட்டு விதைத்தல் வேண்டும். மார்கழி நடுவிற் கூரைக்கீழ் விதையிட்டு, தைப்பொங்கலின்பின் மழை தணிந்ததும் நாற்றைப் பெயர்த்து நட்டால், மாசியிற் பூத்துப் பங்குனியிற் காய் கொய்யலாம். 

நாற்றுமேடை: ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செடிகள் போதும். முப்பது விதைகளும், மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேடையும் அதற்குத் தாராளம். இளநாற்று தண்டின் அடியில் நைந்து சாய்வது மண்ணில் வாழும் பங்கசுக்களால் நேர்வது. இதனைத் தடுக்கும் பொருள் நெற்செய்கையாளரின் வளவிலேயே உண்டு. அரையடி உயர்த்திய மேடையை நீர் தெளித்து ஈரமாக்கி, உமியையும் வைக்கோலையும் மாறிமாறி அடுக்கி எரித்தல் வேண்டும். காற்று வீசும் பக்கத்திலே தீ மூட்டினால் வைக்கோல் சடுதியில் எரிந்து மண் சூடேறாது போகும். காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் மூட்டினாலே தீ மெல்லப் பரவி மேல்மண்ணைச் சுடும். மண் ஆறியபின் சாம்பலை அகற்றி, உக்கிய கூட்டெருவைக் கலந்து, கால் அங்குல ஆழத்தில் விதையிடுக. ஐந்து முதல் எட்டு நாளில் முளை தோன்றும். மேடைக்கு மேல் நுண்வலை கட்டுதல் இலைச்சுருள் வைரசைக் கடத்தும் வெண் ஈயைத் தடுக்கும். நான்கைந்து இலை வந்ததும், ஏறக்குறைய 25 நாளில், நாற்று நடுகைக்கு உரியதாகும்.

நடுகை: மணல் நிலம் நீரையும் பசளையையும் பிடித்து வைப்பதில்லை. ஓரடிக் கிடங்கெடுத்து, பாதிக்கு உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு மூடி, ஒரு வாரம் கழித்து மாலையில் நடுதல் வேண்டும். வாவியோரம் ஒதுங்கும் பாசியை இடுவோர் அதனை மாரி மழையிற் பலநாள் கழுவவிட்டே இடுக. செடிக்குச் செடி இரண்டடியும் வரிசைக்கு வரிசை மூன்றடியும் விடுக. இது படர்ந்து நீளும் இனமாதலால், ஆறடிச் சீமைக்கிளுவைக் கம்பு ஊன்றி, இரண்டு தண்டுகளை மட்டும் விட்டுப் பக்கத்தளிர்களைக் கிள்ளுதல் நன்று. யூரியாவை அள்ளி இடுவதாற் பச்சை மிகும், காய் மிகாது.

நீர்: வாவிக்கரைச் செய்கையின் உயிர்நிலை இதுவே. மணலில் இறங்கிய மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்பின் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் உவராகியபோதும், அவற்றை மிகையாக இறைத்தல் ஆகாதென எச்சரிக்கப்பட்டது. தோட்டத்துக்கும் இது பொருந்தும். நீரிறைக்கும் பொறி உள்ளவர் இவ்விடயத்தில் வாளியால் அள்ளுவோரைப் பார்த்துக் கற்கலாம். காலையும் மாலையும் சிறிது சிறிதாக அள்ளி, இலை நனையாமல் அடியில் ஊற்றி, மண்ணை வைக்கோலால் மூடிவைத்தல் வேண்டும். வேர்மண்ணின் கரைசலில் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 2.5 தெசிசீமன்சைக் கடந்தால் தக்காளியின் விளைவு பொதுவாகக் குறையத் தொடங்கும். இளநாற்று அதனிலும் மென்மையானது. எனவே நாற்றுமேடைக்கேனும் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுக. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென நிறைய நீர் விட்டாற் பழுத்த காய்கள் வெடிக்கும்.

வாடல்: இலை பச்சையாயிருக்கவே செடி ஓரிரு நாளில் வாடுமாயின், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்க. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற நூலிழை இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்து தேடிப் பணத்தைச் செலவிடுதல் வீண். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுக. கத்தரி, மிளகாய், தக்காளி ஒரே குடும்பத்தனவாதலால் அவ்விடத்தில் அவற்றைச் சில ஆண்டுகள் நடலாகாது, சோளம் இடலாம். வாடிய செடியின் வேரிற் சிறு முடிச்சுகள் காணப்படின் அது வட்டப்புழுவின் வேலை. மணல் நிலத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

விதையெடுத்தல்: கடையில் வாங்கிய பொதியிற் கலப்பினம் என எழுதியிருப்பின், அதன் பழத்தில் எடுக்கும் விதை தாயைப்போல் வராது. ஏனைய இனங்களில் தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதால், வீட்டுவிதை நம்பத்தக்கது. நோயற்ற செடியில் நன்கு பழுத்த பழங்களைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டால் விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு நீங்கும். அடியில் தங்கும் விதையைக் கழுவித் தட்டிற் பரப்பி நிழலில் உலர்த்துக. தாளிற் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். வாவிக்காற்றின் ஈரம் விதையை விரைவிற் கெடுப்பதால், வறுத்து ஆறவைத்த அரிசியை அடியிலிட்ட கண்ணாடிப் போத்தலில் விதைமுடிப்பை வைத்து, இறுக மூடி, இனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டி வைக்க.